எந்தப் பெயரைச் சொல்கிறது இந்தத் தொடர்? ஆங்கில அடைத்தொடர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெயரையோ வினையையோ விவரிக்க வரும் சொற்கூட்டம்தான் அடைத்தொடர், சுருக்கமாக அடை. ஆங்கில வாக்கியத்தில் அது எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பது சில நேரம் தெளிவாக இருக்காது. அந்தச் சிக்கலைப் பற்றியதுதான் இந்தப் பக்கம். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். கண்ணால் ஓட்டிவிடாமல் வாய்விட்டுப் படியுங்கள். எந்த இடத்தில் மூச்சு நிற்கிறது என்று கவனித்தாலே பல வாக்கியங்கள் பிடிபட்டுவிடும்.

இதெல்லாம் ஒரு சிக்கலா? படித்தாலே தெரிந்துவிடாதா?

பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாத இடங்களில்தான் ஆபத்து, ஏனென்றால் தெரியவில்லை என்பதே அங்கே நமக்கு உறைப்பதில்லை. ஏதோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

'ஷி கால்டு த கஸ்டமர் வித் தி ஓல்ட் ஃபோன்.' பழைய ஃபோன் யாரிடம் இருக்கிறது? கடைசித் தொடரை 'கஸ்டமர்' என்ற பெயரோடு சேர்த்தால், பழைய ஃபோன் வைத்திருக்கும் வாடிக்கையாளரை அவள் கூப்பிட்டாள். 'கால்டு' என்ற வினையோடு சேர்த்தால், அவள்தான் பழைய ஃபோனிலிருந்து கூப்பிட்டாள். எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இப்போது 'ஓல்ட்' என்பதை எடுத்துவிட்டு 'ப்ரோக்கன்' என்று போடுங்கள். உடைந்த ஃபோனில் யாரையும் கூப்பிட முடியாது, ஆகவே அது வாடிக்கையாளருடையது. 'ஆஃபீஸ்' என்று போடுங்கள். சட்டென்று அது அவள் கையில் இருக்கும் ஃபோன் ஆகிவிடுகிறது. மூன்று வாக்கியங்களுக்கும் இலக்கண அமைப்பு ஒன்றுதான். உலகம் எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரிந்திருப்பதால் இரண்டில் தப்பித்தோம், ஒன்றில் மாட்டிக்கொண்டோம்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லையே?

இந்த வகைத் தொல்லை குறைவு. 'பழைய ஃபோன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்' என்றும் 'பழைய ஃபோனிலிருந்து' என்றும் நாம் இரண்டு வேறு வடிவங்களில் சொல்லியாக வேண்டும். வேற்றுமை உருபும் பெயரெச்சமும் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் 'வித்' என்ற ஒரு சொல்லே இரண்டு வேலைக்கும் வருகிறது.

இன்னொரு வேறுபாடு திசை. தமிழில் அடை முன்னால் வரும், பெயர் பின்னால் வரும். அடையைக் கையில் வைத்துக்கொண்டு பெயருக்காகக் காத்திருப்போம். ஆங்கிலத்தில் நீளமான அடை பின்னால் வரும். பெயர் ஏற்கெனவே கடந்து போயிருக்கும், நாம் திரும்பிப் போய் அதைத் தேட வேண்டும். எவ்வளவு தூரம் திரும்பிப் போவது என்பதுதான் இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

ஆனால் தமிழ் முழுக்கத் தெளிவு என்று பெருமைப்பட வேண்டாம். 'நேற்று வந்த மேலாளரின் கடிதம்' என்றால் நேற்று வந்தது மேலாளரா, கடிதமா? 'வந்த' என்ற பெயரெச்சத்தில் திணையும் இல்லை, பாலும் இல்லை, எண்ணும் இல்லை. யாரோடு வேண்டுமானாலும் போய்ச் சேரும்.

பக்கத்தில் இருக்கும் பெயரோடு சேர்த்துவிட்டால் போதாதா?

முதல் ஊகமாக அது நல்ல ஊகம். அதையே தீர்ப்பாக்கிவிடக் கூடாது.

'எ பாக்ஸ் ஆஃப் லெட்டர்ஸ் வித் ஃபாரின் ஸ்டாம்ப்ஸ்' என்றால் வெளிநாட்டுத் தபால்தலை கடிதங்களில் இருக்கிறது. பக்கத்துப் பெயர் சரி. 'எ பாக்ஸ் ஆஃப் லெட்டர்ஸ் வித் எ மெட்டல் லிட்' என்றால் உலோக மூடி பெட்டிக்குத்தான் இருக்க முடியும். ஒரு பெயரைத் தாண்டிப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இரண்டும் பொருந்தும் இடத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மொழி உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். குவெட்டோஸ், மிட்செல் என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. 'தி அசிஸ்டன்ட் ஆஃப் த டாக்டர் ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர்' என்ற மாதிரியான அமைப்பைக் கொடுத்தபோது, ஆங்கிலம் பேசுவோர் அருகிலுள்ள பெயரின் பக்கமும், ஸ்பானிஷ் பேசுவோர் தொலைவிலுள்ள முதல் பெயரின் பக்கமும் சாய்ந்தார்கள். அருகில் இருப்பதைப் பிடிப்பது மனித மூளையின் பொதுவிதி என்ற எண்ணத்தை அது ஆட்டிவிட்டது. ஆகவே உங்கள் காதுக்கு 'இயல்பாக' ஒன்று தோன்றினால், அந்த இயல்பு எந்த மொழியிலிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

உறுதியான தடயம் எதுவும் கிடையாதா?

உண்டு. பொருளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எழுத்தில் கிடப்பதைப் பொறுக்குங்கள்.

முதல் தடயம் ஒருமை, பன்மை. 'த பாக்ஸ் ஆஃப் லெட்டர்ஸ் தட் வாஸ் ஃபவுண்ட்' என்றால் கண்டெடுத்தது பெட்டியை. 'தட் வேர் ஃபவுண்ட்' என்றால் கடிதங்களை. ஒரே ஒரு துணைவினை வழக்கை முடித்துவிடுகிறது.

இரண்டாவது 'ஹூ', 'விச்'. 'த டிரைவர் ஆஃப் த டிரக் ஹூ...' என்று தொடங்கினால் ஓட்டுநர்; 'விச்' என்றால் லாரி. நம் உயர்திணை, அஃறிணை உணர்வு இங்கே நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் 'தட்' இரண்டு திணைக்கும் வரும், அதனால் தடயம் ஆகாது. 'ஹூஸ்' என்பதும் அப்படியே. பலர் அதை மனிதருக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், பொருள்களுக்கும் அது வரும்.

ஒரு எச்சரிக்கை. எழுதியவர் ஒருமை பன்மையில் கவனமாக இருந்தார் என்ற நம்பிக்கையில்தான் முதல் தடயம் நிற்கிறது. அவசரத்தில் எழுதப்பட்ட மின்னஞ்சலில் அதை அவ்வளவாக நம்ப மாட்டேன். சட்ட ஆவணத்தில் நம்புவேன்.

'ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ...' என்று வந்தால் வினை ஒருமையா, பன்மையா?

'ஹூ' எந்தப் பெயரைச் சொல்கிறது என்று கேட்டால் விடை வந்துவிடும். 'ஷி இஸ் ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ நோ ஸ்பானிஷ்': ஸ்பானிஷ் தெரிந்த ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களில் இவர் ஒருவர். அதனால் பன்மை. 'ஷி இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ நோஸ் ஸ்பானிஷ்': தெரிந்தவர் இவர் மட்டுமே. அதனால் ஒருமை. முதல் வகையில் ஒருமை போடுவதும் நல்ல எழுத்தாளர்களிடமே காணக்கிடைக்கிறது. ஆனால் தேர்வில் பன்மையைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

எழுத்தில் தடயமே இல்லை. அடுத்து?

தமிழில் கேள்வி கேட்டுப் பாருங்கள். இது எனக்குப் பிடித்த சோதனை. கடைசித் தொடர் 'எந்த?' என்ற கேள்விக்கு விடையா, 'எப்படி? எங்கே? எதால்?' என்பவற்றுக்கு விடையா? 'எந்த வாடிக்கையாளர்?' என்று கேட்டு 'பழைய ஃபோன் வைத்திருப்பவர்' என்ற விடை கதைக்குப் பொருந்தினால் அது பெயரின் அடை. 'எப்படிக் கூப்பிட்டாள்?' என்பதற்குப் பொருந்தினால் வினையின் அடை.

ஆங்கிலத்துக்குள்ளேயே சோதிக்க வேண்டுமென்றால் பெயரை எடுத்துவிட்டு 'ஹிம்' போடுங்கள். 'ஷி கால்டு ஹிம் வித் தி ஓல்ட் ஃபோன்.' இப்போது அவள் பழைய ஃபோனால் கூப்பிட்டாள் என்ற பொருள் மட்டுமே மிஞ்சுகிறது. நீங்கள் மனதில் வைத்திருந்த பொருள் இதில் உயிரோடு இருந்தால், தொடர் வினையைச் சேர்ந்தது. செத்துவிட்டால், அது பெயரின் ஒரு பகுதியாக இருந்து, பெயரோடு சேர்ந்து 'ஹிம்'முக்குள் போயிருக்க வேண்டியது.

செயப்பாட்டு வினைக்கு மாற்றினாலும் தெரியும். 'த கஸ்டமர் வித் தி ஓல்ட் ஃபோன் வாஸ் கால்டு' என்று தொடரையும் பெயரோடு முன்னால் தூக்கிப் போட முடிந்தால், அது பெயரோடு ஒட்டியது. ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தச் சோதனைகள் எழுதியவரின் மனதைப் படிக்காது. உங்கள் மனதில் எந்தப் பொருள் இருக்கிறது, அது எந்த அமைப்பிலிருந்து வருகிறது என்பதை மட்டும் காட்டும்.

எந்த பிரிபோசிஷன் என்பதைப் பொறுத்து மாறுமா?

நிறையவே மாறும். 'ஆஃப்' என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கத்துப் பெயரோடு சேர்த்துவிடலாம், மிகப் பெரும்பாலும் சரியாக இருக்கும். 'அக்யூஸ்', 'ராப்', 'இன்ஃபார்ம்' போன்ற சில வினைகள்தான் 'ஆஃப்' கேட்கும் விதிவிலக்குகள். 'வித்', 'இன்', 'ஆன்', 'ஃபார்' எல்லாம் இரண்டு பக்கமும் சாயும்.

அங்கே பிரிபோசிஷனைவிட, அதற்கு முன்னால் இருக்கும் சொற்களின் பசியைப் பாருங்கள். 'புட்' என்ற வினைக்கு இடம் சொல்லாமல் பசி அடங்காது. 'ஹி புட் த லெட்டர் இன் த டிராயர்' என்பதில் 'டிராயரில் இருந்த கடிதத்தை வைத்தான்' என்று படித்தால் எங்கே வைத்தான் என்பது தொங்கி நிற்கிறது. சில பெயர்களுக்கும் அப்படிப் பசி உண்டு. 'ரீசன்' என்றால் 'ஃபார்', 'ஆன்சர்' என்றால் 'டு', 'இன்ட்ரஸ்ட்' என்றால் 'இன்'. அந்தப் பெயரும் அந்தப் பிரிபோசிஷனும் அடுத்தடுத்து நின்றால் அவை ஜோடி என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடர் மேல் தொடராக வந்தால்?

'ஹி ஃபவுண்ட் த லெட்டர் இன் த டிராயர் பை த விண்டோ.' ஜன்னலருகே இருப்பது டிராயரா, கடிதமா, அல்லது கண்டெடுத்த செயலே அங்கே நடந்ததா? வினை, செயப்படுபொருள், அதன் பின் ஒரு தொடர் என்றால் இரண்டு வழியில் படிக்கலாம். இரண்டு தொடர் என்றால் ஐந்து வழி. மூன்று என்றால் 14, நான்கு என்றால் 42. கணிதத்தில் இவற்றைக் காட்டலான் எண்கள் என்பார்கள். சர்ச், பாட்டீல் என்ற இருவர் 1982இல் எழுதிய கட்டுரை இந்தத் தொடர்பை விளக்கியது.

42 வழியையும் யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை. நமக்கு உதவும் ஒரு விதி இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது: ஒவ்வொரு தொடரிலிருந்தும் அது சேரும் சொல்லுக்கு ஒரு கோடு போட்டால், அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. இரண்டாவது தொடர் 'டிராயர்' என்பதைத் தாண்டிக் 'லெட்டர்' வரை திரும்பிப் போய்விட்டது என்றால் டிராயரின் கதவு சாத்தப்பட்டுவிட்டது. மூன்றாவதாக வரும் தொடர் மறுபடி டிராயரைப் பற்றிப் பேச முடியாது. நீளமான வாக்கியத்தில் பென்சிலால் வளைகோடு போட்டுப் பாருங்கள். கோடுகள் குறுக்கே போனால் எங்கோ தவறாகச் சேர்த்திருக்கிறீர்கள்.

கமா இருந்தால் என்ன மாறும்?

இரண்டு வெவ்வேறு விஷயங்கள் மாறும், பலர் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

'-இங்' தொடருக்கு முன்னால் கமா வந்தால் சொந்தக்காரரே மாறலாம். 'ஷி ஃபாலோடு த மேன் கேரியிங் எ பேக்' என்றால் பை அந்த ஆளிடம். 'மேன்' என்ற சொல்லுக்குப் பின் கமா போட்டால் பை அவள் கைக்கு வந்துவிடும், ஏனென்றால் கமாவுக்குப் பின் வரும் '-இங்' தொடர் பொதுவாக எழுவாயைத் தேடிப் போகும்.

'ஹூ' தொடருக்கு முன்னால் கமா வந்தால் பெரும்பாலும் பெயர் மாறாது, எத்தனை பேர் என்பது மாறும். 'த ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஃபெயில்டு வேர் கால்டு' என்றால் தோற்றவர்களை மட்டும் கூப்பிட்டார்கள். 'ஹூ ஃபெயில்டு' என்பதன் இரு பக்கமும் கமா போட்டால், மாணவர்கள் எல்லாருமே தோற்றவர்கள், எல்லாரையும் கூப்பிட்டார்கள்.

கமாவும் 'விச்'சும் சேர்ந்து வந்தால் இன்னொரு வாய்ப்பையும் திறந்து வையுங்கள். 'ஹி லாஸ்ட் த கீ, விச் அனாய்டு ஹர்.' அவளை எரிச்சலூட்டியது சாவி இல்லை, அவன் தொலைத்தது. 'விச்' எந்தப் பெயரையும் சொல்லாமல் முழு வாக்கியத்தையே சுட்டுகிறது.

வாக்கியத்தின் தொடக்கத்திலேயே '-இங்' வந்தால்?

அதன் சொந்தக்காரர் கமாவுக்குப் பின் வரும் எழுவாய். 'வாக்கிங் இன்டு த ரூம், த லைட்ஸ் வென்ட் அவுட்' என்று எழுதினால் விளக்குகள் நடந்து உள்ளே வந்தன என்று ஆகிறது.

இந்தப் பிழை தமிழ்க்காரர்களிடம் ஏன் அதிகம் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. 'அறைக்குள் நுழைந்து விளக்கு அணைந்தது' என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம், காது உடனே நெருடும். ஆனால் 'அறைக்குள் நுழையும்போது விளக்கு அணைந்தது' என்பது நல்ல தமிழ். நுழைந்தவர் ஒருவர், அணைந்தது வேறொன்று, நுழைந்தவர் யார் என்று சொல்லக்கூட வேண்டாம். மனதில் 'நுழையும்போது' ஓடுகிறது, கை '-இங்' எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தின் '-இங்' இங்கே நம் 'நுழைந்து' மாதிரி நடந்துகொள்ளும், 'நுழையும்போது' மாதிரி இல்லை. 'வென் ஐ வாக்ட் இன்டு த ரூம்' என்று எழுவாயோடு தொடங்குங்கள், தீர்ந்தது.

'கன்சிடரிங்', 'டிபெண்டிங் ஆன்', 'ஸ்பீக்கிங் ஆஃப்' போன்றவை விதிவிலக்கு. அவை கிட்டத்தட்ட பிரிபோசிஷனாகவே உறைந்துவிட்டன, யாரும் எழுவாய் கேட்பதில்லை.

'அண்ட்', 'ஆர்' வைத்துப் பல பெயர்கள் வந்தால், கடைசியில் வரும் அடை எல்லாவற்றுக்கும் உண்டா?

இதற்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊனமுற்றோர் உதவித்தொகை பெறுவதற்கான வரையறை ஏறக்குறைய இப்படிப் போகும்: ஒருவரால் தன் முந்தைய வேலையையும் செய்ய முடியாமல், நாட்டின் பொருளாதாரத்தில் இருக்கிற வேறு எந்த வேலையையும் செய்ய முடியாமல் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'பொருளாதாரத்தில் இருக்கிற' என்பது கடைசியில் 'விச்' தொடராக வருகிறது. லிஃப்ட் இயக்குபவராக வேலை பார்த்த ஒரு பெண் வழக்குப் போட்டார். என் பழைய வேலையே இன்று நாட்டில் பெரிய அளவில் இல்லை, இல்லாத வேலையைச் செய்ய முடியும் என்று சொல்லி எனக்கு எப்படி உதவித்தொகையை மறுக்கலாம் என்பது அவர் வாதம். அதாவது, அந்த 'விச்' தொடர் 'முந்தைய வேலை' என்ற பெயரையும் சொல்கிறது என்றார். பார்ன்ஹார்ட் எதிர் தாமஸ் என்ற அந்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது: தொடர் கடைசிப் பெயருக்கு மட்டும்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியா ஓர் உவமை சொன்னார். பெற்றோர் வெளியூர் போகும்போது மகனிடம், நீ பார்ட்டி வைத்தாலோ வீட்டைச் சேதப்படுத்தும் வேறு எதையும் செய்தாலோ தண்டனை உண்டு என்கிறார்கள். மகன் பார்ட்டி வைத்து மாட்டிக்கொள்கிறான். வீடு சேதமாகவில்லையே என்று அவன் வாதாட முடியுமா?

உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எல்லா இடத்துக்கும் நீட்ட முடியாது. 'புக்ஸ், மேப்ஸ் ஆர் ஃபோட்டோஸ் டேக்கன் ஃப்ரம் த லைப்ரரி' என்றால் நூலகத்திலிருந்து எடுத்தவை மூன்றுமே என்றுதான் நானும் நீங்களும் படிப்போம். ஒரே வகைப் பெயர்கள் சீராக வரிசையில் நின்றால் அடை எல்லாவற்றுக்கும் பரவும். 2016இல் லாக்ஹார்ட் வழக்கில் மூன்று குற்றங்களின் பட்டியலுக்குப் பின் வந்த ஒரு தொடரைப் பற்றி இதே சண்டை வந்தது. கடைசிக் குற்றத்துக்கு மட்டும் என்று ஆறு நீதிபதிகள், மூன்றுக்கும் என்று இருவர். உச்ச நீதிமன்ற நீதிபதிகளே பிரிந்து நிற்கும் இடத்தில் உங்களுக்குக் குழப்பம் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடை முன்னால் வந்தாலாவது நிம்மதியா?

'நியூ டிரக் டிரைவர்.' புதியது லாரியா, ஓட்டுநரா? 'நியூ-டிரக்' என்று சிறுகோடு போட்டால் லாரி. கோடு இல்லையென்றால் ஓட்டுநர் என்ற ஊகம் பலமானது, ஆனால் உறுதி இல்லை, எல்லாரும் கோடு போடுவதில்லை. தமிழில் 'செங்கால் நாரை' என்கிறோம். செம்மை காலுக்கு, அந்தச் செங்கால் நாரைக்கு. சேர்த்து எழுதுவதால் அடை எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரிகிறது. ஆங்கிலச் சிறுகோடும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அடை பெயரை விட்டு விலகி நிற்குமா?

நிற்கும். 'எ லெட்டர் அரைவ்டு யெஸ்டர்டே தட் நோபடி குட் ரீட்.' யாராலும் படிக்க முடியாதது கடிதம், நேற்று இல்லை. நம் இலக்கணத்தில் இடைப்பிறவரல் என்று படித்த அதே சங்கதி, திசை மட்டும் தலைகீழ்.

கணினிகள் இதைச் சரியாகச் செய்கின்றனவா?

நீண்ட காலம் திணறின. 1994இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வாக்கியங்களை வைத்து, தொடர் பெயருக்கா வினைக்கா என்று கேட்ட ஒரு சோதனை இருக்கிறது. எப்போதும் பெயர் என்றே சொன்னால் 59 சதவீதம் சரியாக வரும். வினை, பெயர், பிரிபோசிஷன், அதன் பின் வரும் பெயர் என்ற நான்கு சொல்லை மட்டும் காட்டியபோது மனிதர்கள் 88.2 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். முழு வாக்கியத்தையும் காட்டியபோது 93.2. மீதி ஏழு சதவீதத்தில் அவர்களே தடுமாறினார்கள். இன்றைய மொழி மாதிரிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, ஆனாலும் சூழல் இல்லாத ஒற்றை வாக்கியத்தைக் கொடுத்தால் அவற்றாலும் ஊகிக்கத்தான் முடியும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இரண்டு பொருளும் பொருந்துகிறதே?

முதலில் வேறுபாடு முக்கியமா என்று பாருங்கள். 'ஷி சைன்டு அன் அக்ரிமென்ட் வித் த யூனியன்' என்பதில் சங்கத்தோடு ஒப்பந்தமா, சங்கத்தோடு சேர்ந்து கையெழுத்தா? எப்படிப் படித்தாலும் நடந்தது ஒன்றுதான். விட்டுவிடலாம்.

முக்கியம் என்றால், முன்னும் பின்னும் இரண்டு பத்தி படியுங்கள். அந்தப் பழைய ஃபோன் முன்பே எங்காவது வந்திருக்கும். அங்கும் இல்லையென்றால் எழுதியவரைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பவர்களுக்கு இதில் கூடுதல் தலைவலி: ஆங்கிலம் மூடி வைத்ததைத் தமிழ் வேற்றுமை உருபு போட்டுத் திறந்துவிடும். நீங்கள் எதைத் தேர்ந்தாலும் அது உங்கள் தேர்வு, மூலத்தின் தேர்வு இல்லை. ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடுங்கள்.

நான் எழுதும்போது இந்தக் குழப்பம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தொடரை நகர்த்துங்கள், அல்லது அதை உடைத்து ஒரு முழு வினை கொடுங்கள். 'ஷி யூஸ்டு தி ஓல்ட் ஃபோன் டு கால் த கஸ்டமர்' என்றால் ஒரு பொருள். 'ஷி கால்டு த கஸ்டமர் ஹூ ஹேட் தி ஓல்ட் ஃபோன்' என்றால் மற்றது. இரண்டிலும் ஒரு சொல் கூடுகிறது, அவ்வளவுதான். பட்டியலில் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான அடையை முன்னால் கொண்டு போங்கள், கடைசிக்கு மட்டுமானால் அந்தக் கடைசிப் பெயரைத் தனி வாக்கியமாக்குங்கள். எழுதி முடித்ததும் உடனே சரிபார்க்காதீர்கள். அப்போது உங்கள் மனதில் இருக்கும் பொருள் மட்டும்தான் தாளில் தெரியும். மறுநாள் காலையில் எடுத்துப் படியுங்கள்.